ஓர் எஞ்சின், இரண்டு வண்டி

யேசு மரி சூசை துணை

டொக்யாட் வீதி,
திருகோணமலை.
4-8-1963

அன்புள்ள மக்டலின் அக்காவுக்கு,

தம்பி இக்னேசியஸ் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் எங்கள் வீட்டில் இன்னும் ஒருவரும் சாகவில்லை. ஊரில் சாகிறார்கள், அதனால் எங்கள் சவப்பெட்டிக் கடையில் வேலைக்குக் குறைவில்லை. பதுளைக் குளிரில் நீங்களும் அன்ரன் அத்தானும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

அப்பா அப்படியேதான். பாரிசவாதத்தில் விழுந்த வலக்கை இன்னும் எழும்பவில்லை. சாய்மனைக் கதிரையைப் பட்டறை வாசலில் போட்டு இருத்திவிட்டால் நான் சீவுகிற ஒவ்வொரு பலகைக்கும் ஒரு குற்றம் சொல்லுவார். வாய் கோணினாலும் குற்றம் மட்டும் தெளிவாக வருகிறது. காலையில் அவரைக் குளிப்பாட்டி, பாண் துண்டைத் தேத்தண்ணியில் தோய்த்து வாயில் தீத்தி, பெட்டி அடித்து, பின்னேரம் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு பிரேத வண்டியைச் சேமக்காலைக்கு ஓட்டி, வந்து அவரைத் திரும்பவும் தூக்கிப் படுக்கவைக்க, என் முதுகு விட்டுப்போகிறது. களைத்துப்போனேன் அக்கா.

என் கார் ஓட்டப் பைத்தியம் உங்களுக்குத் தெரியும். நேவி வெள்ளைக்காரன் போகும்போது எறிந்துவிட்டுப் போன ஒஸ்ரின் காரைத் தட்டி நிமிர்த்தி, வருசத்தில் இரண்டு மூன்று தரம் போட்டிக்குக் கொண்டுபோகிறேன். எங்கள் பிரேத வண்டியும் ஒஸ்ரின். வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றபிறகு இரண்டுக்கும் நல்ல எஞ்சின் ஒன்றுதான். ஓட்டம் வந்தால் நானும் பட்டறையில் உதவிக்கு நிற்கிற கிண்ணியா ஸெய்னுதீனும் வேப்பமரக் கொப்பில் சங்கிலி கட்டி, பிரேத வண்டியின் எஞ்சினைக் கழற்றி ஓட்டக் காருக்குப் பூட்டுவோம். திரும்பி வந்ததும் மாற்றிப் பூட்டுவோம். இடைப்பட்ட நாட்களில் எங்கள் கோயில் பங்கில் ஒருவரும் கண்ணை மூடக்கூடாது என்று அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேருவேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். கொழும்பு மருதானையில் கராஜ் வைத்திருக்கிற மஹ்ரூப் முதலாளி நுவரெலியா மலை ஓட்டத்தில் என்னைப் பார்த்தவர். நவம்பர் பத்தாம் திகதி கட்டுக்குருந்தை ஓட்டத்தில் நான் நன்றாக ஓடினால், தன் காரை என்னிடம் தந்து கராஜிலும் வேலை தருவாராம். அப்பாவைப் பார்க்க வீட்டில் ஒராள் வேண்டும். நீங்கள் ஒக்டோபர் கடைசியில் வந்து கொஞ்சக் காலம் நிற்க ஏலுமா? இதை விட்டால் இந்தக் கறுப்புக் கோட்டுக்குள்தான் என் சீவியம் முடியும்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி,
இக்னேசியஸ்

*

பதுளை.
22-8-1963

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். அப்பாவின் கை அப்படியே இருக்கிறது என்று வாசிக்க மனம் நொந்தது. வேப்பெண்ணெயைச் சூடாக்கி உருவிவிடு. நீ உருவுவது மரத்துக்குச் சீவுளி போடுவதுபோல இருக்கும், மெல்லமாக உருவு.

சட்டையைப்போல எஞ்சினைக் கழற்றி மாட்டுகிறாயே, உனக்கு அறிவிருக்கிறதா? பிரேத வீட்டுக்காரர் வந்து நின்றால் எந்த முகத்தைக் காட்டுவாய்? அம்மா இருந்திருந்தால் அந்த வேப்பமரத்தையே தறிப்பித்திருப்பா.

இங்கே மழை. தேயிலைத் தோட்டத்துக்குத் தபால் பிந்தித்தான் வருகிறது. இனிமேல் கடிதத்தை மடத்து விலாசத்துக்கே போடு. கன்னியாஸ்திரிகளின் தையலறைக்கு நான் போய்வருகிறேன்.

என் அறையில் இப்போது என்ன இருக்கிறது? கூரை ஒழுகுவது நின்றதா? கட்டில் இருக்கிறதா, விற்றுவிட்டீர்களா? சும்மா கேட்கிறேன்.

நவம்பரைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அக்கா,
மக்டலின்

*

திருகோணமலை.
29-8-1963

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம் என்று எழுத வேண்டியது முறை, எழுதிவிட்டேன். உங்கள் சுகமும் அத்தானின் சுகமும் அறிய விருப்பம். போன கடிதத்தில் அத்தானைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தேயிலைக் கணக்கு முடிகிற நேரமாக்கும்.

உங்கள் அறையில் பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றுக்குமேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறேன், உள்ளுக்குத் தைக்கிற வெள்ளைச் சற்றின் துணியும் அங்கேதான். கட்டில் இருக்கிறது, அதற்கு மேலேயும் ஒரு பெட்டி. கூரை ஒழுகினால் பெட்டி நனையும் என்று அப்பா சத்தம் போட்டு ஓடு மாற்றுவித்தார். கல்யாணம் முடித்துப் போய் இவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்த அறை உங்களுக்கு என்னத்துக்கு? வந்தால் நடு அறையில் பாய் போட்டுத் தருகிறேன், ராசாத்தி மாதிரி இருக்கலாம்.

ஊரில் ஒரு புதினம் நடந்திருக்கிறது. உங்களோடு படித்த மாகிரட் மன்னாரிலிருந்து புருசனை விட்டுவிட்டு ட்றங்குப் பெட்டியோடு வந்து இறங்கியிருக்கிறாள். டொக்யாட் வீதி முழுக்க அந்தக் கதைதான். "அடிச்சாலும் பிடிச்சாலும் அங்கதானே கிடக்கவேணும், தாய் வீட்டுக்கு வந்து நிண்டா முடிஞ்சுதே?" என்று கோயில் வாசலில் பொம்பிளைகள் கேட்கிறார்கள். அவள் பூசைக்கு வந்தால் அவள் இருக்கிற வாங்குப் பலகையில் வேறு ஒருவரும் இருப்பதில்லை. அப்பாவும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். நல்லவேளை, எங்கள் வீட்டில் அப்படி ஒரு தலைக்குனிவு இல்லை. அத்தானைப்போல ஒரு மனிசன் கிடைக்க நீங்கள் புண்ணியம் செய்திருக்க வேண்டும்.

அந்த மனிசனிடமே கேட்போம் என்று, உங்களை அனுப்பச் சொல்லித் தோட்டத்து விலாசத்துக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன்.

தம்பி,
இக்னேசியஸ்

*

பதுளை.
30-9-1963

தம்பிக்கு,

நான் சுகம். அப்பா சுகமென்று நம்புகிறேன்.

அத்தானுக்கு இனிக் கடிதம் போடாதே. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எனக்கே எழுது.

வருவதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல ஏலாது. மாகிரட்டைக் கண்டால் நான் கேட்டதாகச் சொல்.

மக்டலின்

*

திருகோணமலை.
5-10-1963

அக்காவுக்கு,

ஒரு மாதம் தபால்காரனின் சயிக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். வந்தது ஆறே வரி. அதிலும் மாகிரட்டுக்கு ஒரு வரி போய்விட்டது.

எனக்குக் கோபம் வருகிறது அக்கா, மறைக்கவில்லை. அத்தானும் பதில் போடவில்லை. தோட்டத்துப் பெரிய கிளாக்கருக்குப் பெட்டி அடிக்கிறவனுடைய கடிதம் கண்ணுக்குத் தெரியாது போல. நீங்களும் பங்களாக் குளிரில் இருந்து தேத்தண்ணி குடியுங்கள். அப்பாவுக்கு இரண்டு பிள்ளைகள் என்று ஞானஸ்நானப் பதிவில்தான் இருக்கிறது. மலசலம் எடுக்க ஒரு பிள்ளைதான்.

போன கிழமை சாம்பல்தீவுப் பக்கம் ஒரு பிரேதம். வெய்யிலில் நடை வேகத்தில் முதலாம் கியரிலேயே ஓட்டி ஓட்டி எஞ்சின் கொதித்து ஆவி கக்கியது. பிணத்துக்குப் பக்கத்தில் நின்று றேடியேற்றருக்குத் தண்ணீர் ஊற்றினேன். அழுதுகொண்டு வந்த கிழவி ஒருத்தி அழுகையை நிறுத்தி, "தம்பி, நீ கார் ஓட்டத்தில முதலாவதாமே?" என்று கேட்டா. சிரிக்கவும் ஏலாது, அழவும் ஏலாது.

வருவீர்களா மாட்டீர்களா? ஒரு சொல் எழுதுங்கள்.

இக்னேசியஸ்

*

திருகோணமலை.
22-10-1963

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் இல்லை. சரி, உங்களுக்குச் சுகமில்லையோ என்றும் ஒரு யோசனை. சுகமாயிருந்தால் போதும்.

நேற்று அப்பா கட்டிலால் சரிந்து விழுந்துவிட்டார். அடி பெரிதாக இல்லை. நான் வேப்பமரத்தடியில் கார்பரேற்றரைக் கழுவிக்கொண்டு நின்றேன், அவர் கூப்பிட்டது கேட்கவில்லை. ஸெய்னுதீன்தான் ஓடிப்போய்த் தூக்கினவர். தூக்கி இருத்தியதும் அப்பா என்னைப் பார்த்தார். ஒரு குற்றமும் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

ஓட்டத்துக்கு வரமாட்டேன் என்று மஹ்ரூப் முதலாளிக்கு எழுதிவைத்திருக்கிறேன். இன்னும் தபாலில் போடவில்லை. இந்தக் கிழமை போடுவேன். இனி உங்களை வா வா என்று கரைச்சல்படுத்த மாட்டேன். குறை நினையாதேயுங்கள். கோபமும் இல்லை, அதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

இக்னேசியஸ்

*

பதுளை.
27-10-1963

தம்பி,

முதலாளிக்கு எழுதியதைக் கிழித்துப்போடு. முதலாம் திகதி காலைக் கோச்சியில் ஏறுகிறேன், அடுத்த நாள் விடிய அங்கே நிற்பேன். ஸ்ரேசனுக்கு ஒருவரும் வரவேண்டாம்.

என் அறையில் கட்டிலுக்கு மேலே இருக்கிற பெட்டியையாவது இறக்கிவை. நடு அறை எனக்கு வேண்டாம். கதவு பூட்டக்கூடியதாக இருக்கவேண்டும்.

மக்டலின்

*

மருதானை,
கொழும்பு.
12-11-1963

அன்புள்ள அக்காவுக்கு,

நான் உயிரோடும் முழுக் கைகாலோடும் இருக்கிறேன். நீங்களும் அப்பாவும் சுகமாயிருக்க வேண்டும்.

முதலில் நல்லது. கட்டுக்குருந்தையில் பழைய விமான ஓடுபாதையில், தார் பீப்பாய்களை அடுக்கி வளைவு வைத்திருந்தார்கள். கிழமை முழுக்க நடை வேகத்தில் ஓட்டுகிற கால், கொடி விழுந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கணம் திகைத்தது. பிறகு மிதித்தேன். இரண்டாவதாக வந்துகொண்டிருந்தேன். கடைசிச் சுற்றில் பிஸ்டன் ஒன்று உடைந்தது. முன்னுக்கு ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் புகை. உருட்டிக்கொண்டுபோய் மூன்றாவதாக முடித்தேன். மஹ்ரூப் முதலாளி ஓடிவந்து, "எஞ்சின் மௌத்தாப் போயும் நீங்க காரை விடல்லையே! நாளைக்கே வாங்க" என்றார். வந்துவிட்டேன். கராஜுக்கு மேலே ஓர் அறை தந்திருக்கிறார்.

கெட்டது உங்களுக்கு விளங்கியிருக்கும். உடைந்தது பிரேத வண்டியின் எஞ்சின். புளொக்கே வெடித்துவிட்டது, ஒட்ட ஏலாது. பிரேதம் வந்தால் ஸெய்னுதீனை அனுப்பி எங்கேயாவது ஒரு லொறி பிடியுங்கள். நான் வழி பார்க்கிறேன்.

இன்னொன்று. நீங்கள் வந்த அன்று விடிய இரண்டு ட்றங்குப் பெட்டிகளைக் கண்டேன். கொஞ்சக் காலம் நிற்க வந்தவள் இரண்டு பெட்டி கொண்டுவருவதில்லை. விரலில் மோதிரமும் இல்லை. கேட்க வாயெடுத்தேன், நீங்கள் குசினிக்குள் போய் அடுப்பு மூட்டிவிட்டீர்கள். நானும் ஓட்டத்துக்கு ஓடிவந்துவிட்டேன். அத்தானுக்கு என்ன அக்கா?

தம்பி,
இக்னேசியஸ்

*

டொக்யாட் வீதி,
திருகோணமலை.
21-11-1963

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா சுகம். நேற்று என் கையால் ஒரு முழு இடியப்பத்தட்டு சாப்பிட்டார். நானும் சுகம்.

கடிதத்துக்குக் கடிதம் அத்தான் சுகமா என்று கேட்டாய். அத்தான் நல்ல சுகம். பண்டாரவளையில் ஒருத்தியோடும் அவர்களுக்குப் பிறந்த ஒரு பெண்பிள்ளையோடும் இருக்கிறார். எனக்குத் தெரியவந்தது பெரிய வெள்ளிக்குப் பிறகு. "இருக்கிறதெண்டால் இரு, இல்லாட்டிப் போ" என்று சொன்னார். வைகாசியிலிருந்து மடத்துத் தையலறையில்தான் படுத்தேன். நீ வா என்று எழுதிய அன்றைக்கே ஓடிவந்திருப்பேன். பெட்டியும் கட்டினேன். பிறகு மாகிரட்டின் கதையை எழுதினாய். பெட்டியை அவிழ்த்துவிட்டேன். அப்பா தலையை ஆட்டினார் என்று வாசித்து அன்றிரவு முழுக்க அழுதேன். அவர் விழுந்தாரென்று நீ எழுதியபிறகுதான், ஊர் என்ன சொன்னால் என்ன என்று வந்தது.

அப்பாவிடம் நான்தான் சொன்னேன், நீ வெளிக்கிட்ட அன்று. அவர் ஸெய்னுதீனைக் கூப்பிட்டு, மீதிப் பெட்டியெல்லாவற்றையும் விறாந்தைக்கு எடுக்கச் சொன்னார். "அறையைப் பிள்ளைக்கு விடு." அவ்வளவுதான்.

இனி உன் எஞ்சின் புண்ணியம். பதினைந்தாம் திகதி துறைமுகத்துப் பேதுரு கங்காணி செத்துப்போனார். மகன்மார் வந்து, வண்டி எத்தனை மணிக்கு வரும் என்றார்கள். வண்டி இருக்கிறது, எஞ்சின் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஸெய்னுதீன் லொறி தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. கடைசியில், "என்ன புள்ள, எங்கட மையித்தை நாங்க தோள்லதானே கொண்டு போறம். இவங்களுக்குத் தோள் இல்லையா?" என்றார். மூத்த மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. தன் அப்பா வண்டியில்தான் போகவேண்டுமென்று சாகும்போது சொன்னவராம். அப்படியென்றால் தள்ளுவோம் என்றார் ஸெய்னுதீன்.

துறைமுகத்து ஆட்கள் பின்னால் தள்ள, ஸெய்னுதீன் வண்டி உருளாமல் மறிக்கக் கல்லும் கட்டையுமாகப் பக்கத்தில் நடக்க, ஸ்ரியறிங் பிடிக்க ஒராள் வேண்டும். பாரம் குறைந்த ஆளாக இருந்தால் நல்லது என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உன் கறுப்புக் கோட்டைச் சீலைக்கு மேலே போட்டுக்கொண்டு ஏறினேன். பயத்தில் கால் பிரேக்கிலேயே ஒட்டிப்போய் முதலில் வண்டி அசையவேயில்லை. "புள்ள, காலை எடு, காலை எடு!" என்று ஸெய்னுதீன் கத்த, பிரேத வீட்டில் சிரிப்பு.

பிறகு போய்ச்சேர்ந்தோம். சத்தமில்லாத வண்டிக்குப் பின்னால் சுவாமியார் சொன்ன செபம் கடைசி ஆளுக்கும் கேட்டதாம். இந்தக் கிழமை இன்னொரு செத்த வீட்டுக்காரர் வந்து, "எங்களுக்கும் எஞ்சின் இல்லாமலே வேணும்" என்றார்கள்!

மாகிரட் இப்போது பட்டறைக்கு வந்து என்னோடு சற்றின் தைக்கிறாள். பூசையிலும் அவளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். அந்த வாங்கில் எங்களுக்கு நல்ல இடம் இருக்கிறது.

அக்கா,
மக்டலின்

*

மருதானை.
27-11-1963

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. பண்டாரவளைக்குப் போய் அந்த மனிசனின் கழுத்தைத் திருக வேண்டும் போல இருக்கிறது. மாகிரட்டைப் பற்றி எழுதிய கையையும் எங்கேயாவது வைத்து நசிக்க வேண்டும். அப்பா சுகமென்று கேட்டதுதான் ஆறுதல்.

நான் வந்துவிடுகிறேன் அக்கா. இங்கேயும் களைப்புத்தான். பகல் முழுக்கக் காருக்குக் கீழே, பின்னேரம் முதலாளியின் காரில் பழக்கம். அறைக்கு வந்து விழுந்தால், என் கோட்டைப் போட்டுக்கொண்டு நீங்கள் சேமக்காலைக்குப் போகிறது கண்ணுக்குள் நிற்கிறது. இது ஒரு பொம்பிளை செய்கிற தொழிலா? நீங்கள் பட்டது போதாதா? ஊர் வாயில் ஏன் விழவேண்டும்? நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம் வந்து கடையை எடுக்கிறேன். நீங்கள் உள்ளுக்கு அப்பாவோடு சும்மா இருங்கள். மஹ்ரூப் முதலாளிக்குச் சொல்லிவிட்டேன். "யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். யோசிக்க ஒன்றும் இல்லை.

தம்பி,
இக்னேசியஸ்

*

திருகோணமலை.
3-12-1963

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். மாரி தொடங்கிவிட்டது, என் அறை ஒழுகவில்லை. நீ எண்ணெய் வைத்து முழுகு. கராஜ் சூடு கண்ணுக்குக் கூடாது.

வராதே.

நீ நல்ல மனதோடுதான் எழுதுகிறாய், எனக்குத் தெரியும். எனக்கு அழுகையும் வந்தது. ஆனால் கொஞ்சம் யோசி. இன்றைக்கு இந்தத் தெருவில் என்னை ஒருவரும் புருசனை விட்டு வந்தவள் என்று கூப்பிடுவதில்லை. பிரேதம் விழுந்தால் "மக்டலினிட்டப் போ" என்கிறார்கள். நீ வந்து கோட்டைப் போட்டால் அடுத்த நாளே, "தம்பி வந்திட்டான்தானே, இனி இவள் ஏன் இங்க நிக்கிறாள்? பதுளைக்கு அனுப்புங்கோ" என்பார்கள். கோயில் வாசலிலிருந்து சமாதானம் பேச இரண்டு பெரியமனிதர் வருவார்கள். நீயும் மரியாதைக்குக் கதிரை போட்டு இருத்துவாய். சும்மா இருங்கள் என்று எழுதியிருக்கிறாயே, எட்டு வருசம் பதுளையில் நான் சும்மாதான் இருந்தேன்.

உனக்கு வழிவிட்டு நான் தியாகம் செய்கிறேன் என்று நினையாதே. நீ அங்கே இருந்தால்தான் எனக்கு இங்கே இடம். ஸெய்னுதீன் ஒரு பழைய லொறியில் எனக்குக் கியர் பழக்குகிறார். ஓர் எஞ்சின் எங்கேயாவது கிடைக்குமா என்று மஹ்ரூப் முதலாளியைக் கேள். கிடைத்தால் அனுப்பு, கொண்டுவராதே. அதுவரைக்கும் தள்ளிக்கொண்டு போவோம், ஆட்கள் இருக்கிறார்கள். நத்தாருக்கு விருந்தாளியாக வா, கோழி அடிக்கிறேன். நடு அறையில் பாய் போட்டுத் தருவேன். மூன்றாம் நாள் கோச்சி ஏறவேண்டும்.

இந்த வீட்டில் திரும்பி வருகிற பிள்ளைக்கு ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது தம்பி. அதில் நான் உன்னை முந்திவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
மக்டலின்